பாகம் பிரித்தார்கள், தடம் போயிற்று: பாக் விரிகுடா குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் சொத்து விவரம் முடிந்த பிறகு இரண்டு வரி வரும். "மேற்படி கிணற்றிலும் மின்மோட்டாரிலும் பொதுவில் பாதி பாகமும், மாமூல் தடத்தில் ஆள், கால்நடை, வண்டி வாகனம் போக வர உள்ள பாத்தியமும் சேர்ந்து." சேலம் கோர்ட்டில் இருபது வருடமாக சிவில் பார்க்கிறேன். அண்ணன் தம்பி வழக்கில் முக்கால்வாசி இந்த இரண்டு வரியில்தான் மாட்டிக் கிடக்கிறது. நிலத்தை அளந்து கல் நட்டுவிடலாம். தடமும் தண்ணீரும் அப்படி இல்லை. அனுபவித்துத்தான் காட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் வழக்கமான கடையில் நின்றிருந்தேன். தெர்மாகோல் பெட்டிகள் பாதிக்குமேல் காலி. "ராமேஸ்வரம் சரக்கு இந்த வாரம் வரலைங்க. படகு பிடிச்சுட்டாங்கன்னு ஸ்டிரைக்" என்றார் கடைக்காரர். அப்புறம் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "வக்கீல் சார், கச்சத்தீவு திரும்பி வந்துட்டா இந்தத் தொல்லை தீந்துருங்களா?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. சரி, பாகப்பிரிவினை வழக்கு ஒன்று மேஜைக்கு வந்தால் எப்படிப் படிப்பேனோ அப்படியே இதையும் படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தாய்ப்பத்திரம்: ஒரு சங்குத் திருட்டு

தாய்ப்பத்திரம் பார்க்காமல் எந்தச் சொத்துக்கும் கருத்து சொல்லக்கூடாது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள பாக் விரிகுடாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. 1903-04-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் வழக்கு. வரலாற்று விரிகுடாக்கள், அதாவது நெடுங்கால அனுபவத்தால் கரைநாட்டுக்குச் சொந்தமாகும் கடற்பகுதிகள், பற்றிய சர்வதேசச் சட்ட எழுத்துகளில் இடம்பெறும் வழக்கு இது. வழக்குப் பொருள் என்னவோ வெறும் சங்கு.

சேலத்தில் சங்குக்கு இரண்டு வேலை. பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவோம். சாவு வீட்டில் சேகண்டியோடு ஊதுவோம். முதல் வாய்க்கும் கடைசி ஊர்வலத்துக்கும் கடலில் கிடந்த ஒரு பொருள்தான் வேண்டியிருக்கிறது. கடலே இல்லாத ஊருக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள பழைய உறவு அது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் அடிமணலில் கிடக்கும் சங்கை மூச்சடக்கிக் குளித்து எடுப்பார்கள். பெரும்பகுதி வங்காளத்துக்குப் போய் வளையலாக அறுபடும். நல்ல வருமானம் தரும் சரக்கு. ராமநாதபுரக் கரையை ஒட்டிய சங்குப் படுகைகளுக்குப் பாத்தியம் கொண்டாடியது ராமநாதபுரம் சமஸ்தானம்.

அந்தப் படுகையில் சங்கு எடுத்ததாகத் திருட்டு வழக்கு. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் உள்ளே பெரிய கேள்வி இருக்கிறது. கடலில் திரியும் மீன் யார் கையிலும் இல்லை. யார் கையிலும் இல்லாததை எடுத்தால் திருட்டு ஆகுமா? அதற்கு முன்னால் இன்னொன்று: அந்த இடம் திறந்த கடல் என்றால் அங்கே நடந்ததை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் ஏது?

நீதிமன்றம் இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான் நமக்கு வேண்டியது. பாக் விரிகுடாவின் சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு பிரிட்டிஷ் மன்னரின் நிலத்தால் சூழப்பட்டிருக்கிறது. இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலும் வாழும் மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதை அனுபவித்து வந்திருக்கிறார்கள். ஆகவே அதை எந்த அர்த்தத்திலும் திறந்த கடல் என்று சொல்ல முடியாது. சங்கு எடுத்தது திருட்டாகும் என்றும் ஆயிற்று.

தீர்ப்பைப் படித்தபோது பென்சிலால் கோடு போட்ட இடம் அந்த நடு வாக்கியம். விரிகுடா மன்னருக்குச் சொந்தமானது எதனால்? இரு கரை மக்களின் அனுபவத்தால். சிவில் வக்கீலின் காதுக்கு இது நன்றாகப் பழகிய பாட்டு. பட்டாக்காரர் ஒருவர், கையனுபவக்காரர் இன்னொருவர். கையனுபவத்தைக் காட்டித்தான் பட்டாவே வந்தது.

பீரங்கி எட்டும் வரை

அந்த நீதிபதிகளுக்கு வெறும் கையோடு அந்தப் பதில் வரவில்லை. முன்னூறு வருடச் சண்டை அதற்குப் பின்னால் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1494-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் டோர்டெசில்லாஸ் உடன்படிக்கையில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்த கடலையும் நிலத்தையும் ஒரு கோட்டால் பாகம் பிரித்துக்கொண்டன. மற்றவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. 1603-இல் டச்சுக்காரர்கள் சிங்கப்பூர் அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்ச்சுகல் கப்பலைச் சரக்கோடு பிடித்தார்கள். பிடித்தது நியாயம்தான் என்று வாதாட ஒரு இளம் வக்கீல் தேவைப்பட்டார். அவர்தான் ஹியூகோ குரோஷியஸ். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று அவர் 1609-இல் வெளியிட்ட சிறு நூல் அந்த வழக்குக் கட்டிலிருந்து பிறந்தது. கட்சிக்காரருக்காக எழுதிய வாதுரை பிறகு உலகத் தத்துவம் ஆனது. எங்கள் தொழிலில் இப்படியும் சில நேரம் நடக்கும். 1635-இல் இங்கிலாந்தின் ஜான் செல்டன், கடலுக்கும் சொந்தக்காரர் உண்டு என்று பதில் நூல் வெளியிட்டார். பிறகு கரையிலிருந்து பீரங்கி எட்டும் தூரம் வரை கரைக்காரருடையது என்று ஒரு கணக்கு வந்து, அது மூன்று மைல் என்று நிலைத்தது.

இந்தப் பட்டியலில் நம் கடற்கரைக்கு வேண்டியவர் சர்வதேசச் சட்ட அறிஞர் வாட்டெல். பஹ்ரைனிலும் இலங்கையிலும் உள்ள முத்துக்குளிப்பு இடங்கள் தனியுரிமை ஆக முடியும் என்பதில் யாருக்குச் சந்தேகம் என்று 1758-லேயே எழுதிவைத்தார். மீன் ஓடும், அள்ள அள்ள வரும் என்று நினைத்திருந்த காலம். முத்துச்சிப்பியும் சங்கும் ஒரே படுகையில் கிடக்கும், அள்ளினால் தீரும். தீரும் பொருளுக்குத்தான் சொந்தம் கொண்டாட ஆள் வருகிறது.

மூன்று மைலை உடைத்தது அமெரிக்கா. 1945 செப்டம்பரில் அதிபர் ட்ரூமன், கண்டத்திட்டின் (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் ஆழமில்லாத தரை) வளமும் கரையோர மீன்வளப் பாதுகாப்பும் எங்கள் பொறுப்பு என்று இரண்டு பிரகடனம் செய்தார். பெரிய வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினால் தெருவே நகர்த்தும். 1947-இல் சிலியும் பெருவும் 200 மைல் என்றன. 1952-இல் எக்வடோரும் சேர்ந்து கையெழுத்திட்டது. 1982-இல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கரைநாட்டின் ஆட்சி செல்லும் ஆட்சிக்கடல் 12 மைல், மீனும் மற்ற வளமும் அதற்கே உரிய தனிப்பொருளாதார மண்டலம் 200 மைல் என்று எழுதி முடித்தது. இந்தியா அதற்குக் காத்திருக்காமல் 1976-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது.

பாகப்பிரிவினை

பாக் விரிகுடாவைப் பிரிக்கும் பேச்சு 1921-இல் கொழும்பில் தொடங்கியது. சென்னை மாகாணமும் இலங்கையும் ஒரே மன்னரின் இரண்டு நிர்வாகங்கள். மீன், சங்கு, முத்து எந்தப் பக்கம் யாருக்கு என்பதுதான் பேச்சு. கோடு கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே போகட்டும் என்று ஒரு வரைவு வந்தது. ராமநாதபுரம் ராஜாவின் உரிமை பாதிக்கப்படாது என்ற வாசகத்தோடுதான் சென்னைத் தரப்பு ஒப்புக்கொண்டது. அது ஊர்ஜிதம் ஆகாமலேயே கிடந்தது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் முதல் பாகப்பிரிவினைப் பத்திரம். கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைலில் போயிற்று. 285 ஏக்கர், குடியிருப்பு இல்லை, ஒரு அந்தோணியார் கோயில். விரிகுடா 'வரலாற்று நீர்' என்று ஒப்பந்தத்தின் பெயரிலேயே இருக்கிறது. மூன்றாம் நாட்டுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல உதவிய சொல் அது. 1904-இல் நம் மக்களின் அனுபவத்தைக் காட்டி வாங்கிய அதே தலைப்பு.

நம் பத்திரத்தில் வரும் அந்த இரண்டு வரி இதிலும் இருக்கிறது. ஐந்தாவது பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போல் கச்சத்தீவுக்குப் போய் வரலாம், பயண ஆவணமோ விசாவோ கேட்கப்படாது. ஆறாவது பிரிவு: இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீரில் மரபாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும். அசல் மாமூல் தடம்! மீன்பிடிக்கவும் யாத்திரை போகவும் கலம் ஓட்டவும் இருந்த பழைய உரிமைகள் காக்கப்பட்டுவிட்டன என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

ஆனால் 'மீன்பிடித்தல்' என்ற சொல் ஆறாவது பிரிவில் இல்லை. கலங்களின் உரிமை என்றுதான் இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் 'கிணற்றில் பாகம்' என்று எழுதி 'மோட்டாரில்' என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் வாய்தா ஆகும்.

வாய்தாவுக்கும் இடம் வைக்கவில்லை. 1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை போட இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. அதோடு இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கைத் தரப்புச் செயலர் டபிள்யூ.டி. ஜயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கையின் வரலாற்று நீரிலும் ஆட்சிக்கடலிலும் தனி மண்டலத்திலும், இலங்கையின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது. இலங்கைக்காரர்களுக்கும் இந்தப் பக்கம் அதேபோல்.

தடத்தை அடைத்தது இந்தக் கடிதம். மன்னார், வங்காள விரிகுடா பற்றிய ஒப்பந்தத்தின் கடிதம், பாக் விரிகுடா பற்றிய ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவை எப்படி வெட்டும் என்று வாதிட இடம் இருக்கிறது. நான் வாதிடுவேன். எதிர்த்தரப்பு 'வரலாற்று நீர்' என்ற இரண்டு சொல்லைக் காட்டி உட்கார்ந்துவிடும்.

அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி அதே வருடம் ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி. சென்னையிலிருந்து ஒரு ஆட்சேபணை மனு போடக்கூடச் சட்டசபை இல்லை. பட்டாக்காரர்கள் இருவரும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிடவில்லை.

இதைவிட எனக்கு உறுத்தியது அதே கடிதத்தின் இன்னொரு பத்தி. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளமான மேடு இந்தியாவுக்கு வந்தது. அங்கே பழகிப்போன இலங்கைக் கப்பல்கள் சட்டென்று வெளியேற வேண்டாம் என்று ஆறு கப்பலுக்கு மூன்று வருடத் தவணை கொடுத்திருக்கிறார்கள். வருடத்துக்கு 2,000 டன் என்ற அளவோடு. ஆக, பழக்கம் என்றால் என்ன, அதை எப்படிப் பக்குவமாக முடிக்க வேண்டும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆறு கப்பலுக்குத் தெரிந்தது பாக் விரிகுடாவின் சின்ன வல்லங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அதே 1976 ஜூனில் வட அட்லாண்டிக்கிலும் ஒரு முடிவு வந்தது. ஐஸ்லாந்து தன் எல்லையை 4, 12, 50, 200 மைல் என்று தள்ளிக்கொண்டே போக, பிரிட்டன் போர்க்கப்பல் அனுப்ப, ஐஸ்லாந்துக் காவல் கப்பல்கள் பிரிட்டிஷ் இழுவைப் படகுகளின் வலைக் கம்பியை அறுத்துவிட்டன. கடைசியில் பிரிட்டன் இறங்கிவந்தது. ஒரு நேரத்தில் 24 படகு, ஆறு மாதம், அவ்வளவுதான். ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்கள் அதோடு படுத்தன. அவர்களுக்காவது ஆறு மாதம் எழுதிக் கொடுத்தார்கள்.

இழுவை மடி

இதுவரை படித்தால் வழக்கு நம் பக்கம் பலமாகத் தெரியும். குறுக்கு விசாரணையும் இருக்கிறதே.

என் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கும் பெண்ணுக்கு ஊர் மண்டபம் பக்கம். கோடு தண்ணீரில் தெரியாது, காற்றடித்து ஒதுங்கிவிடுகிறார்கள் என்று நான் எடுத்ததும் சிரித்துவிட்டாள். "ஜிபிஎஸ் இருக்கு சார். தெரிஞ்சுதான் போறாக. இங்கிட்டு பாடு இல்ல." பாடு என்றால் அவர்கள் வழக்கில் கிடைக்கும் மீன். அவளுடைய சித்தப்பா நாட்டுப்படகு. விசைப்படகைப் பற்றி அவர் வீட்டில் பேசுவது செய்தித்தாளில் வருவது மாதிரி இருக்காது என்றாள்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பல இடங்களில் பத்து மீட்டரைச் சுற்றித்தான். 1960-களிலிருந்து இறாலுக்கு வெளிநாட்டு விலை வர, இழுவை மடி வந்தது. இரண்டு பலகை வாயை விரித்துப் பிடிக்க, அடியில் மடி தரையை உழுதுகொண்டே வரும். இறாலோடு குஞ்சு, பாசி, சங்கு எல்லாம் சேர்ந்து வரும். நம் பக்கத்தில் படகு பெருகி மீன் குறைய, நம் கரையிலேயே சண்டை. அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ஓமலூர்ப் பக்கம் ஒரே கிணற்றில் மூன்று பங்காளி முறை வைத்து இறைப்பது போலவே.

எதிர்க்கரையில் 1983-இலிருந்து 2009 வரை போர். வடக்கின் மீனவர்கள் கடலுக்கு இறங்கவே கட்டுப்பாடு. அந்தக் காலத்தில் அந்த நீர் நம் விசைப்படகுகளுக்கு ஏறக்குறைய காலித் தோட்டம். போர் முடிந்து யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் சின்னப் படகும் கடன்பட்டு வாங்கிய வலையுமாகத் திரும்பியபோது, இரவில் போட்ட வலையை இழுவை மடி வாரிக்கொண்டு போயிற்று. அவர்களும் தமிழர்கள். 1904 தீர்ப்பு 'இலங்கைக் கரை மக்கள்' என்று சொன்னது அவர்களின் பாட்டன்மாரைத்தான். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை உயர்த்தியது. இலங்கைக் கடற்படை சுட்டதையும் அடித்ததையும் இது நியாயமாக்காது. வரப்பு மீறியவனைச் சுட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் வழக்கின் பலவீனம் எங்கே என்று கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை.

பொருளாய்வு

முதல் எழுவினா, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி, கச்சத்தீவு. தீவு திரும்பினால் கோடு கொஞ்சம் கிழக்கே நகரும். விசைப்படகு தேடிப் போகும் இறால் அதற்கும் அப்பால், எதிர்க்கரையை ஒட்டிக் கிடக்கிறது. தீவைக் கொடுத்தது சரியா, அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாமா என்பது தனி வழக்கு. பெருபாரி என்ற பகுதியைப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுக்கும் விவகாரத்தில், திருத்தம் வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து நன்றாகவே வாதாடலாம். ஆனால் வலை போடுகிறவரின் வழக்கு அந்தக் கட்டில் இல்லை. அரசியல் மேடையில் தீவைப் பேசுவது எளிது. வரைபடத்தில் தெரியும், பெயர் இருக்கிறது. 1976 கடிதத்துக்குப் பெயர்கூட இல்லை.

இரண்டாவது, மரபு உரிமை. இதில் உலகத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் வெட்டும். எரித்ரியா, ஏமன் வழக்கில் 1999-இல் தீர்ப்பாயம் செங்கடலில் இரு கரை மீனவர்களின் பழைய முறை எல்லைக்கோட்டைத் தாண்டியும் தொடரும் என்றது. தென்சீனக் கடல் வழக்கில் 2016-இல் வேறொரு தீர்ப்பாயம், 200 மைல் மண்டலத்தில் அந்த உரிமை நிற்காது, ஆட்சிக்கடலில் நிற்கும் என்றது. பாக் விரிகுடா குறுகலானது, பல இடங்களில் ஆட்சிக்கடல் தூரத்துக்குள் வரும் என்பதால் இரண்டையும் நமக்குச் சாதகமாகப் படிக்கலாம். ஆனால் இரண்டு தீர்ப்பும் பேசியது சிறு படகு, பழைய முறை மீன்பிடிப்பை. இழுவை மடிக்கு அந்தக் குடை கிடைக்காது.

மரபு எது என்பதை எனக்குப் புரியவைத்தது மேட்டூர்தான். அம்மாயியின் அப்பாவுக்குப் பண்ணவாடிப் பக்கம் நிலம் இருந்தது. 1934-இல் அணை முடிந்ததும் அது தண்ணீருக்குள் போயிற்று. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். கூடவே ஆட்களும் வருவார்கள். வண்டல் காய்வதற்குள் ராகியும் சோளமும் விதைத்துவிடுவார்கள். நிலம் அரசுடையது, எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஏறும்போது சத்தமில்லாமல் பின்வாங்குவார்கள். அதே நீரில் மீன்பிடிக்க மீன்துறை உரிமம் வேண்டும். குஞ்சு விடுவது அரசு, பரிசலும் வலையும் அவர்களுடையது. ஒரு முறை பரிசல்காரர் ஒருவரிடம் எவ்வளவு ஆழத்தில் வலை இருக்கிறது என்று கேட்டேன். கயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "அடியில பழைய தோப்புங்க, மரக்கட்டையில மாட்டும், அதனால இவ்வளவுதான்" என்று முழங்கை அளவைக் காட்டினார். கீழே எவருடைய தோப்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விரலில் இருப்பதற்குத்தான் ஆறாவது பிரிவு எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, பரிகாரம். நான் மனு எழுதினால் தீவைக் கேட்க மாட்டேன். 1976 கடிதத்திலேயே ஒரு சந்து இருக்கிறது: 'வெளிப்படையான அனுமதி இல்லாமல்'. அனுமதி கொடுத்தால் பிடிக்கலாம் என்றுதானே அர்த்தம்? வல்லத்துக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் முறை வைத்து, இரு பக்கமும், எழுத்தில் கேட்பேன். மூணு நாள் நாலு நாள் என்று ராமேஸ்வரத்தார் தங்களுக்குள் செய்துகொண்டதை இரண்டு அரசு செய்யக் கூடாதா? விசைப்படகுகளுக்கு வேறு வழி வேண்டும். 2017-இல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகு, மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம் மானியம், மீதி கடனும் கைக்காசும். காகிதத்தில் நல்ல திட்டம். விடிய விடிய இறால் பிடித்து மறுநாள் வீடு திரும்பிப் பழகியவரை, நாள் கணக்கில் சூரை தேடிப் போகும் ஆளாக மாற்றுவது மானியத்தால் மட்டும் ஆகிற வேலை இல்லை. வாட்ஜ் பேங்க்கில் கொடுத்தது போல் வருடம் குறித்த தவணையை இப்போதாவது எழுதிக் கேட்கலாம்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனபோது இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கடைக்காரர் கொடுவாளால் மீன் தலையைத் தட்டிக்கொண்டே கேட்டார். இழுவை மடி வரைக்கும் தலையாட்டினார்.

"எல்லாஞ் சரிங்க வக்கீல் சார். ஆனா இறால் இருக்குதான்னு வந்ததும் கேட்டது நீங்கதானுங்க."

பெரியது ஏற்றுமதிக்குப் போய்விடுமாம். பெட்டியின் அடியிலிருந்து சின்னதாக ஒரு கை அள்ளித் தராசில் போட்டார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்.